திருவிழா வரி நோட்டின் கடைசிப் பக்கம்

கட்டுரையாளர்: வழக்கறிஞர், காவல் வன்முறை வழக்குகளில் பணியாற்றுபவர், குயிலாப்பாளையம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை இரவு. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றின் மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, கூழ் வார்ப்புக்குப் பிரித்த வரியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார் பூசாரி. மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் போகும் ஓர் அம்மா ஓடிவந்தார். மகனை யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஒருவர் மட்டும்தான் காக்கிச் சட்டை, எந்த ஸ்டேஷன் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் சொன்னதற்கும் அழுகைக்கும் இடையில் சேதி இவ்வளவுதான்.

பூசாரி எழுந்து ஓடவில்லை. வரி நோட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தை எடுத்தார். “நிதானமாச் சொல்லு தாயி, மணி என்ன இருக்கும்?” என்று கேட்டு எழுத ஆரம்பித்தார். இரவு 10.40. மூன்று பேர், அதில் இரண்டு பேர் மஃப்டி. வெள்ளை நிற வண்டி. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை சொன்ன கடைசி இரண்டு எண்கள். பையன் போட்டிருந்தது கோடு போட்ட சட்டை. பிறகு, அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, ஒரு வரி சேர்த்தார்: ‘தானாக நடந்துபோய் வண்டியில் ஏறினான். உடம்பில் காயம் இல்லை.’ கீழே அந்த அம்மாவின் கைநாட்டு, திண்ணையில் இருந்த நான்கு பேரின் கையெழுத்து.

நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு அவர்கள் ஒரு காவல் நிலைய வாசலில் நின்றார்கள். பூசாரி, அந்த ஊர் மாதா கோயில் உபதேசியார், ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், அந்த அம்மா. கோஷம் இல்லை, கொடி இல்லை. “காலையில வாங்க சாமி” என்றார் உள்ளே இருந்தவர். “பரவால்ல சார், இங்கயே இருக்கோம். பையனை ஒருதரம் பார்த்துட்டா போதும்” என்றார் பூசாரி. விடியும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் மறுநாள் மாலை வெளியே வந்தான். பாதம் வீங்கியிருந்தது. முன்பே பைக்கிலிருந்து விழுந்து அடிபட்டிருந்தான் என்று பேச்சு எழுந்தபோது, வரி நோட்டின் அந்த ஒரு வரி குறுக்கே நின்றது. அவன் இன்று திருமணமாகிக் குழந்தையோடு இருக்கிறான். அவன் பெயரை நான் எழுத மாட்டேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் பார்த்த வழக்குகளில், சட்டம் காப்பாற்றியவர்களைவிட, முதல் இரவில் யாராவது வாசலில் வந்து நின்றதால் பிழைத்தவர்கள் அதிகம். அதனால்தான் கோயில்காரர்களையும் பங்குத் தந்தைகளையும் ஜமாஅத் பெரியவர்களையும் பார்த்து இதை எழுதுகிறேன். காவல் மரணம் நடந்த பிறகு நீங்கள் விடும் கண்டன அறிக்கைக்கு மதிப்பு உண்டு. ஆனால், உங்கள் கையில் அதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. ராத்திரி திறந்திருக்கும் கதவு உங்களுடையது. எழுதத் தெரிந்த ஆள், ஊர் நம்பும் வார்த்தை, கூப்பிட்டால் வரும் பத்துப் பேர் எல்லாமே உங்களிடம் இருக்கின்றன. அடிபட்டவனின் வீட்டில் இதில் ஒன்றும் இருக்காது.

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 மாலை வியாபாரி ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் உள்ளே வைத்தார்கள். இரவு முழுக்க அடி. மறுநாள் அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று கிடைத்தது, நீதித் துறை நடுவரின் காவல் உத்தரவும் கிடைத்தது. ரத்தம் நனைத்த கைலிகளைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்த இருவரும் அங்கிருந்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22-ம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ம் தேதி காலை தந்தை இறந்தார். இடையில் எத்தனை கதவுகள் இருந்தன! காவல் நிலையம், மருத்துவமனை, நடுவர், சிறை. ஒவ்வொரு கதவிலும் சட்டம் ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தது. ஒருவரும் தடுக்கவில்லை.

பிறகு நடந்தது வேறு. தமிழகம் கொதித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, திருச்சபைகள் பேசின, மனித உரிமை அமைப்புகள் ஒன்றுசேர்ந்தன. மதுரை உயர் நீதிமன்ற அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி உத்தரவின்படி விசாரிக்கப் போன கோவில்பட்டி நடுவர் பாரதிதாசன், காவல் நிலையத்திலேயே அவமதிக்கப்பட்டார். காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் அளவுக்கு நிலைமை போனது. சிசிடிவி வன்தட்டில் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நடுவர் தன் அறிக்கையில் எழுதினார். தலைமைக் காவலர் ரேவதி, உயிர்ப் பயத்தோடு, கண்டதைச் சொன்னார். அந்த ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை எடுத்துவிட்டால் வழக்கே நின்றிருக்குமா என்பது சந்தேகம். சிபிஐ குற்றப்பத்திரிகை ஒன்பது காவலர்கள் மீது வந்தது. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

எழுந்த குரல்களில் ஒன்றையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கு ஆறாதது 19-ம் தேதி இரவுதான். ஒரு சிற்றூரின் நடுவில் இருக்கும் காவல் நிலையம் அது. உறவினர்களும் நண்பர்களும் வெளியே நின்றார்கள். அவர்களோடு அந்த ஊரின் எல்லாக் கோயில் மணிக்காரர்களும் அன்றிரவே வந்து நின்றிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

இன்னொன்று நடந்ததோ கோயில் வளாகத்திலேயே. 2025 ஜூன் மாதம், சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமார். கும்பிட வந்தவரின் காரில் வைத்திருந்த நகை காணவில்லை என்று புகார். முறைப்படி வழக்குப் பதியும் முன்பே தனிப்படை அவரைக் கையில் எடுத்ததை உயர் நீதிமன்றம் பின்னால் கேள்வி கேட்டது. கோயிலுக்குப் பின்புறம் அவரை அடித்ததைக் கோயில் ஊழியர் ஒருவர் மறைந்திருந்து கைபேசியில் படம் பிடித்தார். 28-ம் தேதி அஜித்குமார் இறந்தார். உடற்கூறாய்வில் 44 காயங்கள். வழக்கு சிபிஐக்குப் போனது. மறைந்திருந்து பிடித்த அந்தச் சில விநாடிப் படம்தான் நாட்டை உலுக்கியது. சாத்தான்குளத்தில் ரேவதி செய்ததைத்தான் மடப்புரத்தில் அந்த ஊழியரும் செய்தார். கண்டதைப் பதிந்து வைத்தார்.

மடப்புரம் வைகைக் கரையில் இருக்கிறது. அதே வைகைக் கரையில்தான் பிட்டுக்கு மண் சுமந்த கதையும் நடக்கிறது. வெள்ளத்தில் கரை உடைய, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அடைக்க வேண்டும் என்று பாண்டியனின் ஆணை. ஆளில்லாத பிட்டு விற்கும் கிழவி வந்திக்காக, கூலியாளாக வருகிறார் சொக்கநாதர். உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்குகிறார். கோபத்தில் பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அடித்தவன் முதுகில் விழுகிறது, அரசி முதுகில் விழுகிறது, ஊரில் உள்ள எல்லா உயிர்கள் மீதும் விழுகிறது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் இதை நடித்துக் காட்டுகிறோம், தோப்பில் பிட்டு வாங்கித் தின்கிறோம். அதிகாரம் கூலியாளின் முதுகில் அடித்தால் அது எல்லோர் முதுகிலும் விழும் என்று, இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியாது. கற்றூணில் கட்டி அடிக்கப்பட்ட ஒரு கைதியைத்தான் கிறிஸ்தவர்கள் கும்பிடுகிறார்கள். வரி பாக்கிக்காகக் குடியானவர்களை வெயிலில் நிற்க வைத்திருந்ததைப் பார்த்து, இவ்வுலகில் மனிதரை வதைப்பவரை இறைவன் வதைப்பான் என்று நபிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன் எனத் தடுத்துப் பேசினார் நபித்தோழர் ஹிஷாம் இப்னு ஹகீம். எங்கள் பேச்சில் அரசியல் வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்களிடம் நான் இந்த மூன்றையும் சொல்வது வழக்கம்.

வெயிலில் நிறுத்துவது நம் மண்ணிலும் நடந்தது. 1854-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சென்னை மாகாணத்துச் சித்திரவதை பற்றிப் பேச்சு எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இங்கே வந்து, சென்னை சுதேசி சங்கத்தின் கஜுல லட்சுமிநரசு செட்டியுடன் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன டான்பி சீமோர் என்ற உறுப்பினர்தான் அதற்கு முக்கியக் காரணம். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் மூவரும் கொண்ட ஆணையம் 1855-ல் அறிக்கை கொடுத்தது. வரி கட்டாதவரை வெயிலில் நிற்கவைப்பது, விரல்களைக் கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டும் அண்ணாந்தாள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. ‘கிட்டி போட்டு வாங்குவது’ என்று இன்றும் சொல்கிறோம். சொல் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டோம். வரி வசூலும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருப்பது பெரிய கேடு என்று அந்த ஆணையம் சொன்னது. 1859-ன் மதராஸ் காவல் சட்டம் அதன் பின்னால் வந்தது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு 2013-க்கு வாருங்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. அதில் ஒன்று, மாநிலத்திலும் மாவட்டத்திலும் காவல் துறை மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம். தலைமை ஓய்வுபெற்ற நீதிபதியிடம் இருக்க வேண்டும். தமிழ்நாடு 2013-ல் கொண்டுவந்த காவல் துறைச் சீர்திருத்தச் சட்டத்தில் மாநில அளவிலான புகார் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்களில் காவல் துறைத் தலைவரும் ஒருவர். மாவட்டத்தில் தலைவர் மாவட்ட ஆட்சியர், உறுப்பினர்கள் காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும். வருவாய்த் துறையும் காவல் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, காவல் துறை மீதான புகாரை விசாரிக்கும் ஏற்பாடு இது. பிரிக்கச் சொல்லி 1855-ல் எழுதப்பட்டதை 2013-ல் ஒட்டவைத்திருக்கிறோம். எனக்கு இதைவிட வருத்தம், இதை எதிர்த்து ஒரு மடமோ மறைமாவட்டமோ ஜமாஅத்தோ முழங்கியதாகத் தெரியவில்லை என்பது. வழக்கறிஞர்களும் மனித உரிமைக்காரர்களும் மட்டுமே பேசுகிற விஷயமாக அது கிடக்கிறது. பாவ புண்ணியத்தோடு தொடர்பில்லாத, நிர்வாகம் சம்பந்தப்பட்ட சமாச்சாரம் என்று பெரியவர்கள் நினைத்துவிட்டார்கள் போலும். 1997-ல் ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி அளிக்கவில்லை, தனிச் சட்டமும் இல்லை.

வழிபாட்டு இடங்களால் இதில் என்ன செய்ய முடியும் என்பதற்கு வெளியே பார்க்க வேண்டியதில்லை என்றாலும், மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 2001 ஏப்ரலில் ஆயுதம் இல்லாத 19 வயது கறுப்பின இளைஞர் திமோதி தாமஸைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். நகரம் பற்றி எரிந்தது. அதற்கு முன்பே, பாப்டிஸ்ட் போதகர் டேமன் லிஞ்ச் தலைமையில் இருந்த கறுப்பின ஐக்கிய முன்னணி, குடிமை உரிமை வழக்கறிஞர்களோடு சேர்ந்து வழக்குத் தொடுத்திருந்தது. மறியல், வணிகப் புறக்கணிப்பு எல்லாம் நடந்தன. 2002-ல் நகர நிர்வாகம், காவலர் சங்கம், முன்னணி எல்லோரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி குடிமக்கள் புகார் ஆணையம் ஒன்று அமைந்தது. சுயமாக விசாரிக்கத் தனி விசாரணையாளர்கள் அதற்கு இருந்தார்கள். காவல் துறை ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால், போதகர் ஒருவர் சவ அடக்கத்தோடு தன் வேலை முடிந்தது என்று போய்விடாததால் அந்த மேசை அங்கே வந்தது.

சிலியின் கதை இன்னும் அருகில் வந்து தொடும். 1973-ல் பினோசே ஆட்சிக்கு வந்ததும் ஆட்கள் காணாமல்போக ஆரம்பித்தார்கள். கத்தோலிக்கர், லூத்தரன், மெதடிஸ்ட், யூதர் எல்லோரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். அதை மூடவைத்தார்கள். உடனே 1976 ஜனவரியில் கர்தினால் ரௌல் சில்வா என்ரீகேஸ் தன் மறைமாவட்டத்தின் பெயரில், பேராலயத்தை ஒட்டிய கட்டடத்தில், ‘ஒருமைப்பாட்டு விகாரியம்’ என்ற அலுவலகத்தைத் திறந்தார். காணாமல்போனவரின் மனைவி வருவார். உட்காரவைத்து எழுதிக்கொள்வார்கள். எத்தனை மணிக்கு, எத்தனை பேர், என்ன வண்டி. ஆட்கொணர்வு மனு போடுவார்கள். நீதிமன்றங்கள் ஏறத்தாழ எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தன. அவர்கள் மறுநாளும் எழுதினார்கள். சர்வாதிகாரம் போன பிறகு, அந்த அலமாரிகளில் இருந்த காகிதங்கள்தான் விசாரணைக் குழுவுக்கும் நீதிமன்றங்களுக்கும் சான்றுகளாகின. நிராகரிக்கப்பட்ட மனுவுக்கும் உயிர் உண்டு. பாவமன்னிப்புக் கேட்டு வந்த ஒருவர் சொன்ன சேதியில்தான், 1978-ல் லொன்கேன் சுண்ணாம்புக் காளவாயில் பதினைந்து பேரின் எலும்புகள் கிடைத்தன என்பார்கள்.

நமக்கு மிக அருகில் மன்னார். ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் இலங்கை அரசின் நல்லிணக்க ஆணையத்தின் முன் வந்தபோது அவர் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 அக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சியில் இருந்தவர்கள் என்று அரசுக் கச்சேரிகளே சொன்ன தொகை 4,29,059. போர் முடிந்து அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேர் எங்கே? அந்த எண்ணைக் கேட்டவருக்கு மிரட்டல் வந்தது, பதில் வரவில்லை. 2021-ல் அவர் இறந்துவிட்டார். அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது, ஏனென்றால் அவர் எண்ணோடு கேட்டார்.

எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. அத்தியூரில் 1993-ல் ஓர் இருளர் இளம்பெண் மீது புதுச்சேரிக் காவலர்கள் இழைத்த கொடுமையை எடுத்துக்கொண்டு, பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் போராடினார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அந்தப் போராட்டத்தில் பிறந்தது. 2006-ல் விழுப்புரம் நீதிமன்றம் காவலர்களுக்குத் தண்டனை கொடுத்தது, மேல்முறையீட்டில் அவர்கள் விடுதலையானார்கள். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் பக்கம் இருளர் பெண்களுக்கு நேர்ந்த கொடுமையிலும் அதே சங்கம்தான் முன்னால் நின்றது. தோற்ற வழக்குகளும் அந்தச் சங்கத்தை நிறுத்தவில்லை. இருளர்களுக்குப் பெரிய கோயிலும் இல்லை, மறைமாவட்டமும் இல்லை. எண்ணிக்கையோ ஓட்டோ இல்லாத சனம். யாருக்காக யார் வந்து நின்றார்கள் என்று பார்த்தால், ஓர் ஆசிரியர் வந்து நின்றார்.

கேள்வி இங்கேதான் கடுமையாகிறது. தன் சபையைச் சேர்ந்தவர், தன் சாதிக்காரர், தன் ஜமாஅத்தில் ஒருவர் என்றால் எல்லோரும் எழுந்து வருகிறோம். வர வேண்டியதுதான். மற்றவன் பிள்ளைக்கு? நகை திருடியதாகச் சொல்லப்படும் குறவர் பையனுக்கு? சாராயம் கடத்தினான் என்று பிடித்துக்கொண்டு போகும் எல்லையோரத்து இளைஞனுக்கு? நான் குடியிருக்கும் குயிலாப்பாளையம் செம்மண் மேட்டில் இருக்கிறது. கிழக்கே இறங்கினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. தெற்கே கோட்டக்குப்பம், தாண்டினால் புதுச்சேரி. வடக்கே போனால் கழுவெளியும் உப்பளங்களும் மரக்காணமும். இரண்டு காவல் துறைகளின் கை நீளும் பகுதி இது. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பதினான்கு பேர் செத்தபோது காவல் அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். செய்ய வேண்டிய காவலைச் செய்யாமல் விடுவதும், செய்யக் கூடாததைச் செய்வதும் ஒரே நோய்தான் என்று அன்று இந்தக் கடற்கரை முழுக்கத் தெரிந்தது.

பூசாரிகளும் தந்தைகளும் இமாம்களும் ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அது அவமானத்துக்குரிய காரணமும் இல்லை. தேர் இழுக்கப் போலீஸ் பாதுகாப்பு வேண்டும். ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும். சப்பரம் எந்தத் தெருவில் போகலாம், விநாயகர் சிலை எந்தப் பக்கம் திரும்பலாம், கொடியேற்றம் எத்தனை மணிக்கு எல்லாமே இன்ஸ்பெக்டர் கையில். நாளைக்கு அவரிடம் போய் நிற்க வேண்டியவர் இன்று அவரைக் கேள்வி கேட்கத் தயங்குவார். ஆனால் இதே உறவில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போடுகிறார்கள். கோட்டாட்சியர், டி.எஸ்.பி., எல்லா மதத்துப் பெரியவர்களும் ஒரே மேசை. அந்த மேசையில் ஊர்வலப் பாதையைப் பற்றி மட்டும் ஏன் பேச வேண்டும்? காவல் நிலையத்துக் கேமராக்கள் வேலை செய்கின்றனவா, பதிவு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்கலாமே. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஒலியோடு கூடிய கேமரா ஒவ்வொரு நிலையத்திலும் வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்பது குற்றமாகாது. மூன்று மதத்துப் பெரியவர்களும் சேர்ந்து கேட்டால் மரியாதைக் குறைவும் ஆகாது.

சட்டமே இவர்களுக்கு ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கைது செய்தால் கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும், அதில் குடும்பத்தார் ஒருவரோ, கைது நடந்த பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. இன்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 36-ம் பிரிவில் இருக்கிறது. மதிப்புக்குரிய ஒருவர் என்றால் யார்? பூசாரி, உபதேசியார், முத்தவல்லி. அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன், மணியைச் சரியாக எழுதுங்கள் என்று அவர் கேட்கலாம். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், அதன் நகலைக் கைதானவரோ அவர் சொல்லும் ஆளோ வாங்கிக்கொள்ளலாம். சாத்தான்குளத்தில் காகிதத்தில் எல்லாம் இருந்தன. கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடும் வெளியாள்தான் இல்லை.

இன்னொரு வேலை பிரசங்கத்தில் இருக்கிறது, அதை நாங்கள் வழக்கறிஞர்கள் செய்ய முடியாது. மாவுக்கட்டு. கைதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை உடைந்ததாகச் சேதி வரும், கட்டுப் போட்ட படம் கைபேசியெங்கும் ஓடும், நம் வீட்டு ஆட்கள் சிரித்து இதயக் குறி போடுவார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வந்து போடுவார்கள், ஜும்ஆ முடிந்து போடுவார்கள், பூசை முடிந்து போடுவார்கள். அடிப்பவனுக்கு மேலதிகாரியின் ஆணையைவிட இந்தக் கைதட்டல் பெரிய தைரியம். குற்றவாளிதானே என்கிறார்கள். ஜெயராஜும் பென்னிக்ஸும் ஊரடங்கில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்டவர்கள், அஜித்குமார் ஒரு கோயில் காவலாளி. மாவுக்கட்டுக்கு யார் தகுதியானவர் என்று முடிவு செய்யும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால், அந்தப் பட்டியலில் பிறகு யார் பெயர் வரும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு பௌர்ணமி, இதைப் பற்றி நேராகப் பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன். காவலர்களும் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிலும் இரவுத் தூக்கமின்றி, மேலே இருந்து வரும் நெருக்கடியில் பிழிந்தெடுக்கப்படுகிறவர்கள் உண்டு. ரேவதிகளும் உண்டு. சொல்லத் துணிந்தால் ஊர் தன்னோடு நிற்கும் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அந்த வரி நோட்டைப் போன ஆடியில் மறுபடி பார்த்தேன். புது நோட்டு, கடைசிப் பக்கங்களைப் பூசாரியே அடிக்கோலால் கோடு போட்டுப் பிரித்திருந்தார். தேதி, மணி, வண்டி எண், வந்தவர்கள், காயம் உண்டா. இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. ஒன்று மீனவர் குப்பத்திலிருந்து, ஒன்று காலனியிலிருந்து. கடைசிப் பதிவு முந்திரித் தோப்பை ஒட்டிய கட்டட வேலையிடத்தில். பெயர் கேட்டுச் சொல்ல மொழி தெரிந்த ஆள் அந்த நேரத்தில் இல்லை. ‘பிகார் பையன். நீலச் சட்டை. வலது கையில் சிவப்புக் கயிறு. 9.15. காயம் இல்லை. விடியும்வரை வாசலில் இருந்தோம்’ என்று எழுதி, நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.